தட்டின் அடிப்பக்கம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவரைப் பிரேக் வாத்தியார் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பகலெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "பிரேக்கு, பிரேக்கு!" என்று தொண்டை வற்றக் கத்துவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஆளே மாறிவிடுவார். கண்ணாடி அலமாரியைத் திறந்து, வெள்ளைப் பீங்கானில் நீலப் பூப்போட்ட பழைய இங்கிலீஷ் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பார். அவர் சாப்பிடுவதென்னவோ பிளாஸ்டிக் தட்டில்தான்.

பூவைப் பார்த்து மயங்குகிற ஆள் அல்ல அவர். செய்த கம்பெனியின் முத்திரை அடிப்பக்கத்தில் இருந்தால் அசல். இல்லாவிட்டால் எவ்வளவு அழகான தட்டும் வீட்டு வாசல் ஏறாது. அதில் மனிதர் ஈவிரக்கம் பார்க்க மாட்டார். இதனால் வந்த வினை, எங்கே தட்டைக் கண்டாலும் கை தானாகத் திருப்பிவிடும். முதலாளி வீட்டு விருந்தில் இப்படித்தான் சாப்பாட்டோடு திருப்பி, முதலாளியம்மா மடியில் குழம்பைக் கவிழ்த்தார்.

ஆகையால், மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அம்மா இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டபோது, மகள் காரிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அங்க போய் தட்டத் திருப்பினீங்க, அப்புறம் உங்களோட பேசவே மாட்டேன். அவங்க ஒத்த ஆளா ரொட்டிக்கடை நடத்தி அவர வளத்தவங்க. முதல் தடவையே மானத்த வாங்கிடாதீங்க."

"சேச்சே! நான் என்ன சின்னப்புள்ளையா?"

அந்த வீட்டு மேசை முன் உட்கார்ந்த வாத்தியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. எதிரே வெள்ளையில் நீலப் பூ! கை துறுதுறுத்தது. அதை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்தார். காலித் தட்டைத் திருப்பினால் குற்றமில்லையே என்று கோழியை ஒரு பிடி பிடித்தார். காலியாகும் நேரம் பார்த்து ரொட்டிக்கடையம்மா மறுபடி அள்ளி வைத்தார். வாத்தியார் அதையும் தீர்த்தார், அந்த அம்மாவும் விடாமல் வைத்தார். மகளோ கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்த அம்மாவே வாய் திறந்தார், முகம் வாடியிருந்தது. "ஏங்க, தட்டு புடிக்கலையா? திருப்பித் திருப்பிப் பாப்பீங்கன்னு பையன் சொன்னான். அதுக்குன்னே கடைய மூடிட்டு எங்கெங்கயோ தேடி வாங்கிட்டு வந்தேன். நீங்க பாக்கவே இல்லையே."

மகள் திருதிருவென விழித்தாள். பிறகு, "பாருங்கப்பா," என்றாள் மெதுவாக.

வாத்தியார் மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, துடைத்துத் திருப்பினார். முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் பொடி எழுத்தில், 'மைக்ரோவேவில் வைக்கலாம்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. எவனோ புதுத் தட்டைப் பழசென்று சொல்லி அந்த அம்மாவின் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறான். அந்த அம்மாவுக்கோ அதுவும் முத்திரைதான்.

அடுப்புச் சூடு பட்ட கைகளைப் பிசைந்துகொண்டு, அவர் வாத்தியாரின் முகத்தையே பார்த்தார். வாத்தியார் தட்டையும் அந்தக் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய தட்டுப் பைத்தியத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான் உண்டு. அதற்காகக் கடையை மூடியவர் இவர் ஒருவர்தான்.

"அசலுங்க!" என்றார். "இத்தன வருஷத்துல எங்கிட்ட இப்படி ஒண்ணு இல்லவே இல்ல."

"அப்ப எடுத்துட்டுப் போங்க, சம்பந்தி!" அந்த அம்மாவின் முகமெல்லாம் பல்.

இப்போது அது கண்ணாடி அலமாரியில், எல்லாத் தட்டுகளுக்கும் நடுநாயகமாக நிற்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், எந்தத் தட்டை வேண்டுமானாலும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள் என்பார். அந்த ஒன்றின் பக்கம் கை போனால் மட்டும், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார்:

"பிரேக்கு, பிரேக்கு!"