வலை இழுக்க வந்த நர்ஸம்மா

எங்கள் ஊருக்கு வரும் நர்ஸம்மா ஒல்லியாக, கறுப்பாக இருப்பார். வீட்டுக்கு வந்தால் முதலில் காலைத்தான் பார்ப்பார். கட்டைவிரலால் அழுத்தி, வீக்கம் உண்டா என்று பார்ப்பார். என் தம்பிக்குக் கிட்னி கெட்டுப்போனது அப்படித்தான் தெரிந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட்டிப்போனார். என் கிட்னி பொருந்தியது. கொடுத்தால் தம்பி பிழைப்பான்.

ஆனால் கொடுத்தவன் சில மாதம் வலை இழுக்கக் கூடாது. ஏரியில் எங்களுக்கு முறை வைத்துத்தான் மீன்பிடிப்பு. அதைப் பாடு என்போம். பாடு வரும் நாளில் வலை இழுக்க ஆள் நிற்காத வீட்டுக்கு மீனில் பங்கில்லை.

"புள்ளைங்க இன்னா துன்னும்?" என்று என் மனைவி அழுதாள்.

நர்ஸம்மா ஊர்க்கூட்டத்துக்கு வந்தார். "அண்ணன் தேறி வர்ற வரைக்கும் பங்க வீட்டுக்குக் குடுங்க."

"ஆளு நின்னாதாம்மா பங்கு. நீ வந்து இழுப்பியா?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"இழுக்கிறேன்."

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் பாடு வந்தது. நர்ஸம்மா சேலையைச் செருகிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் வலைக் கயிற்றைப் பிடித்து நின்றாராம்.

"கரைக்கு ஏறும்மா, மானத்த வாங்காத" என்று தலைவரே கயிற்றை வாங்கிக்கொண்டாராம். அதன்பிறகு பாடு வந்தபோதெல்லாம் எங்கள் பங்கு வீடு வந்து சேர்ந்தது.

தம்பி பிழைத்தான். அவனைப் பார்க்க வந்தபோதுதான் நர்ஸம்மா சொன்னார், "எனக்குத் தண்ணின்னாலே பயம்ணே. அன்னிக்கு வலை இழுக்க எறங்குறதுக்கு முன்ன ஏரியில கால் வெச்சதே இல்ல."