டப்பாவில் ஏழு மாத்திரைகள்

இதய சிகிச்சைக்குப் பிறகு வெளிமாநிலத்தில், பாணேரில் உள்ள மகள் வீட்டில் இருக்கிறேன். தினமும் காலையில் ஒரு நர்ஸ் வந்து மாத்திரை கொடுப்பார். எதையும் எண்ணி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. ஒருநாள் அவர் வருவதற்குள் அன்றைக்கான ஏழு மாத்திரைகளையும் அட்டைகளிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு, மூன்று தடவை எண்ணினேன்.

அவர் டப்பாவைத் தொடவில்லை. "காகா, அட்டைகளைக் கொடுங்கள்" என்றார் இந்தியில். காகா என்றால் சித்தப்பா.

"ஏழும் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரியில் தோட்டா எண்ணியவன் நான்!"

"ஆஸ்பத்திரி என்றால் இன்னொரு நர்ஸ் சரிபார்ப்பாள். இங்கே நான் தனி ஆள். என் கையால் தப்பாகக் கொடுத்தால் என் லைசென்ஸே போய்விடும், காகா."

எரிச்சலோடு நீட்டினேன். ஒவ்வொரு பெயராகப் படித்து, டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டார். புது பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே இருந்தது. அதற்குப் பதிலாக, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையில் இரண்டு போட்டிருந்தேன். இரண்டு மருந்தும் ஒரே மாதிரி வெள்ளை. எண்ணிக்கை மட்டும் சரி.

அவர் திட்டவில்லை. சரியானதைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார். ஒரு நாளைக்கு ஐந்து வீடுகளாம். ஐந்திலும் அதே பயத்தோடு, மேற்பார்க்க யாருமில்லாமல், ஒரு பெயர் விடாமல் படிக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இப்போது அட்டைகளை நான் பிரிப்பதில்லை. அவர் படித்து முடிக்கும்வரை வாயும் திறப்பதில்லை.