பரணில் இருந்தவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை கட்டும் திறமை எனக்கு இருந்திருந்தால், என் கடைக் கத்திரிக்காயைப் பற்றி நாலு பொய் சொல்லி என்றைக்கோ விற்றுத் தீர்த்திருப்பேன். இது எனக்கு நடந்தது.

நானும் காய்கறி வியாபாரி, என் சகலையும் காய்கறி வியாபாரி. வருடக்கணக்கில் பாழாய்க் கிடந்த ஒரு வைக்கோல் கொட்டகையை அவர் வாங்கினார். மரத்தூண்களைத் தேய்த்து மெருகேற்றி, தன் தோட்டத்துக் காய்களை அங்கேயே விற்க ஆரம்பித்தார். ஒரே மாதம். என் வாடிக்கையாளர்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். என் மனைவி உட்பட.

"அக்கா வீட்டுக்காரர் தக்காளி அடுக்கியிருக்கற அழகைப் பாக்கணுமே!"

"ஏன், நானும்தான் அடுக்கறேன்."

"நீங்க கொட்டி வெக்கறீங்க."

வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்க்கப் போவதுபோல வேவு பார்க்கப் போனேன்.

மாலை 6.40. கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"இருங்க சகலை, வீட்டுக்கு ஒரு பூசணி பறிச்சுத் தர்றேன்" என்று அவர் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போனார். நல்லவராக வேறு இருந்து தொலைக்கிறார், பாருங்கள்!

உள்ளே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. என் தலையில் ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். வைக்கோல்.

அண்ணாந்தேன். மேலே ஒரு பரண். அதன் விளிம்பில் ஒருவர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் இருட்டில். வேலையாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"கடை நல்லா இருக்கு, இல்ல?" என்று மேலிருந்து கேட்டார்.

"இருக்காதா பின்னே? மச்சக்காரர்."

"உங்களுக்கு வந்திருக்க வேண்டியது."

அடடா! என்னைப் புரிந்துகொள்ள உலகத்தில் ஒரு ஜீவன். மனம்விட்டுப் புலம்பித் தீர்த்தேன். அவர் காலை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"வேணுமா?"

"குடுத்தா வேணாம்னா சொல்லுவேன்?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவர் இருக்கற வரைக்கும் கிடைக்காதே..."

கிரீச்...

கயிறு உரசும் சத்தம்.

பின்வாசலில் சகலை. கையில் பூசணி. நேராகப் பரணுக்குக் கீழே வந்தார்.

கிரீச்... கிரீச்...

மேலே பார்த்தேன். ஆடிய கால்கள் நின்றுவிட்டன.

"சகலை! நகருங்க!"

பாய்ந்து இழுத்தேன்.

டங்...!

பூசணி சிதறியது. அவர் நின்ற இடத்தில், வைக்கோல் கட்டைக் கயிற்றில் மேலே இழுக்கும் ஓர் இரும்புக் கப்பி.

சகலை தட்டுத்தடுமாறி விளக்கைப் போட்டார். கப்பியையே பார்த்தார்.

"இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேனே..."

"மேல இருக்கற ஆளைக் கேளுங்க!"

"மேலயா?"

அண்ணாந்தேன்.

பரண் இல்லை.

வெறும் கூரை.

மறுநாள், கொட்டகையைப் புதுப்பித்த தச்சரைத் தேடிப் போனேன். பரணைப் பிரித்தவர் அவர்தான்.

"அது அண்ணன் தம்பி ரெண்டு பேரோட கொட்டகைங்க. அண்ணன் தலையில கப்பி விழுந்து, அங்கயே போயிட்டார். கொட்டகை தம்பிக்கு வந்துச்சு. ஆனா அவர் அப்புறம் உள்ள காலே வெக்கல."

"தம்பிதான் தள்ளிவிட்டாரா?"

"ஐயோ, இல்லைங்க. அவர் கீழதான் நின்னாராம். பரண்மேல யாரோ உக்காந்துக்கிட்டு, 'வேணுமா'ன்னு கேட்டாங்களாம்..."

தச்சர் உளியைக் கீழே வைத்தார்.

"இவரும் விளையாட்டா நினைச்சு, சிரிச்சுக்கிட்டே சரின்னு சொன்னாராம்."