கருவாட்டு வாடியில் காய்ந்த பத்திரிகைகள்

என் தங்கை புஸ்பம் வென்றவை: கடலிடமிருந்து நாற்பத்தொரு வருடப் பத்திரிகைகள்; கறையானிடமிருந்து அதே பத்திரிகைகள், இரண்டு முறை; பதினொரு பூனைகளிடமிருந்து, தினமும்; இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில், ஐந்து நிமிடத்தில். பூனைகளை நானே எண்ணினேன்.

பத்திரிகை ஜெயராஜா ஐயா குடும்பத்துடையது. கல்லடியில் அவர்களுடைய அச்சகத்திலிருந்து 1949 தை முதல் 1989 மார்கழி வரை வாரம் ஓர் இதழ் வந்தது. புஸ்பம் பதினாறு வயதில் அங்கே கூட்டித் துடைக்கப் போனாள். அச்சகம் மூடிய பிறகும் பழைய இதழ்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

1999இல் ஐயா படுக்கையில் கிடந்தபோது, "இதுகள் ஊர விட்டுப் போகப்படாது, புள்ள" என்றார்.

"ஓம் ஐயா, நான் பாத்துக்கிறன்."

அவளுக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. முதலாம் வகுப்பில் முதல் நாளே ஆசிரியையின் கையைக் கடித்தவள், பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் அச்சக வீட்டுக்குள் புகுந்தது. அன்றைய சாவுகளை இங்கே எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் முடிக்க மாட்டேன். நான்காம் நாள் நனைந்த கட்டுகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, வாவிக்கு இந்தப் பக்கமுள்ள மீன் காயவைக்கும் என் கருவாட்டு வாடிக்குக் கொண்டுவந்தாள்.

"அண்ணன், இதுகள எப்பிடிக் காயவைக்கிற?"

"மீன் எண்டாத் தெரியும். பேப்பர் எனக்கெங்க தெரியும்?"

"அப்ப மீனெண்டே நினைங்களன்."

அப்படியே செய்தோம். காலை வெயில், மதியம் நிழல், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டல். உப்பு மட்டும் போடவில்லை, கடலே போட்டிருந்தது. 2,132 இதழ்களில் 2,119 தப்பின. காய்ந்தவற்றை, நான் திகதி வாசிக்க வாசிக்க, அவள் தன் முறைப்படி பெட்டியில் அடுக்கினாள். நான்கு பக்க இதழ் நெத்தலி, எட்டுப் பக்கம் சூடை, ஆண்டு மலர் பாரை. ஐயாவின் கடிதங்கள் இறால்.

2007இல் வாடியைச் சோதிக்க வந்த சிப்பாய் ஒரு பெட்டியைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "கரவலத?" என்றான். கருவாடா என்று சிங்களத்தில் கேட்கிறான்.

"ஓம், நெத்தலி" என்றாள் புஸ்பம். அவள் கணக்கில் அது பொய்யல்ல.

சண்டை முடிந்த மறு வருடம், லண்டனிலிருந்த ஐயாவின் மகள் றொசானி கடிதம் போட்டார். ஊரில் பொறுப்பேற்கத் தகுந்த ஆள் இருந்தால் பத்திரிகைகள் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கொழும்புச் சுவடிக்கூடத்துக்கு. தீர்மானிக்க அங்கிருந்து மர்சூக் என்ற அலுவலர் வந்தார். லொறியோடு வந்தார்.

"எழுபத்தெட்டு நவம்பர் கடைசி வாரம் இருக்கா?"

"சூறாவளியா? சூடை, மூண்டாம் பெட்டி, அடியில."

இருந்தது. இன்னும் ஐந்து கேட்டார், ஐந்தும் இருந்தன. மர்சூக் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆள் சரி. ஆனா படிவத்தில கையொப்பம் வேணும். படிக்க வாற ஆக்களுக்கும் நீங்கதான் ஒப்பம் வைச்சுக் குடுக்கணும். கைநாட்டு சரிவராது. மூணு மணிக்கு வாறன்."

அப்போது பன்னிரண்டரை. அவள் பெயரை நான் எழுதிக் காட்டினேன்.

"கோழி கிண்டின மாதிரிக் கிடக்கு. அச்சில காட்டுங்க."

தேடினேன். முதலில் அகப்பட்டது மரண அறிவித்தல்.

"செத்தவள்ட பேரயா நான் எழுதுற?"

அடுத்த புஸ்பம் ஆட்டைத் தொலைத்து விளம்பரம் போட்டவள்.

"ஆடு கிடைச்சதா?"

"தெரியா."

"அப்ப வேணாம்."

பாரைப் பெட்டியில் ஒரு கல்யாண வாழ்த்து இருந்தது, படத்தோடு.

"மாப்பிள்ளை நல்லவனா?"

"எனக்கெப்பிடித் தெரியும் புள்ள?"

அவளே படத்தை உற்றுப் பார்த்தாள். "பரவாயில்ல போல" என்று கரித்துண்டை எடுத்தாள். மீன்பெட்டி மூடியில் முப்பத்தேழு தரம் எழுதினாள். நான் ஒருதரமும் கை பிடிக்கவில்லை.

மூன்று மணிக்கு மர்சூக் பேனாவை நீட்டினார். நான்கு எழுத்துக்கு நான்கு நிமிடம் எடுத்தாள். லொறி வெறுமையாகத் திரும்பியது. படிவத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. கையொப்பத்துக்குக் கீழே திகதியை மர்சூக்தான் எழுதினார்: 2010 மார்ச் 17, புதன்கிழமை.