மாசாணண்ணன் சொல்லிவிட்டுப்போன லீவு

மாசாணண்ணனை எவனாச்சும் பொறுப்பில்லாதவன்னு சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். கோயமுத்தூர்ல எங்க மில்லுல பதினெட்டு வருசம் நூல் ஓட்டுன மனுசன். மெஷின் சத்தத்துல ஒரு காதே அடைச்சுப் போச்சு.

தொண்ணூத்திரண்டுல அவங்கம்மா கொடுமுடியில தவறிட்டாங்க. எங்க மில்லுல லீவு லெட்டரெல்லாம் எவன் எழுதுனான்? கூட வேலை செய்யறவங்கிட்டச் சொல்லுவோம், அவன் மேஸ்திரிகிட்டச் சொல்லுவான், மேஸ்திரி தலையாட்டுனா லீவு. அண்ணன் எங்கிட்டத்தான் வந்தாரு.

"பஷீரு, கருமாதி முடிச்சுப்போட்டு வாரேன். மேஸ்திரிகிட்டச் சொல்லீரு கண்ணு."

சொன்னேன். மேஸ்திரியும் தலையாட்டுனாரு.

பதினேழாம் நாள் வந்தவரைக் கேட்டுலயே நிறுத்திட்டாங்க. சொல்லாம பத்து நாள் வராட்டி, தானா வேலையை விட்டு நின்ன கணக்காமா. அடப்பாவிகளா! ஆள் குறைக்க வழி தேடிட்டிருந்தவங்களுக்கு அது போதுமே.

அண்ணன் லேபர் கோர்ட்டுக்குப் போனாரு. கேஸ் நாலு வருசம் இழுத்துச்சு. மேஸ்திரி கம்பெனி பக்கம் சாஞ்சுட்டாரு. மிச்சமிருந்த ஒரே சாட்சி நான். "பஷீரு வந்து சொன்னாப் போதுமுங்க, வேலை திரும்பக் கெடைச்சிரும்"னு வக்கீல்கிட்ட அடிச்சுச் சொன்னாராம்.

சாட்சிக்கு முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. அப்பவும் நான் டெம்பரவரிதான். "நாளைக்குப் பார்த்துப் பேசு பஷீர். அடுத்த மாசம் உன்னைப் பர்மனென்ட் பண்ணலாம்னு இருக்கோம்"னாரு.

கோர்ட்டுல கேட்டாங்க. "அவரு எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்க"ன்னுபோட்டேன். அண்ணன் கோவப்படலை. நெத்தியைச் சுருக்கி என்னையே பார்த்துட்டு நின்னாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. கேஸ் தோத்துப்போச்சு. நான் பர்மனென்ட் ஆயிட்டேன். தூ, என்ன பொழப்பு இது!

அப்பறம் அன்னூர்ப் பக்கம் ஒரு குடோன்ல வாட்ச்மேனா இருந்தாரு. தொண்ணூத்தெட்டுல நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்துட்டாரு. துக்கம் கேக்கப் போனேன். அவரு சம்சாரம் சாந்தாமணியக்கா என்னைக் கண்டதும் அழுதாங்க.

"ஏனுங்க தம்பி, ஒண்ணு கேக்கறேன். அவரு உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்னு மொதல்ல சொல்லிட்டிருந்தாருங்க. கோர்ட்டுக்குப் போய்ட்டு வந்ததுக்கப்பறம், 'பஷீரு பொய் சொல்ல மாட்டான், அம்மா போன துக்கத்துல நாந்தான் சொல்ல மறந்துட்டனாட்ட இருக்குது'ன்னே பொலம்பிட்டிருந்தாரு. நெசமாவே மறந்துட்டாருங்களா?"

கோர்ட்டு இல்லை, மேனேஜர் இல்லை, அந்தக்கா மட்டுந்தான் எதுக்க உக்காந்திருந்தாங்க.

"ஆமாங்கக்கா, மறந்திருப்பாருங்க"ன்னேன்.