ராஜ்கமல் தொடாத முகம்

"தாடையக் கொஞ்சம் எறக்குண்ணே. ஆங், அப்டியே."

சொன்ன பிறகுதான் ராஜ்கமலுக்கு உறைக்கும், தான் நிற்பது ஸ்டூடியோவில் அல்ல, மூலக்குளம் டீக்கடையில் என்று. டீ ஆற்றும் புருஷோத்தமனுக்கு இது பழகிவிட்டது. தாடையை இறக்கிக் காட்டிவிட்டே கிளாஸை நீட்டுவார். டவுன் பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்களின் கதி இன்னும் மோசம். இந்த அம்மாளின் கண்ணுக்கு அடியில் இருக்கும் கருமை இரண்டு தேய்ப்பில் போய்விடும், அந்தப் பெரியவரின் காதை லேசாக உள்ளே தள்ளினால் போதும் என்று மனசுக்குள்ளேயே வேலை பார்த்துக்கொண்டு வருவார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விடுவார்.

தன்னை மட்டும் யாரும் படமெடுக்க விடமாட்டார். "நம்ம மூஞ்சிய நாமளே ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சா அப்புறம் கடையத் தொறக்கவே நேரம் இருக்காதுப்பா."

வில்லியனூர் சாலையில் மாடியில் ஒரு சின்ன ஸ்டூடியோ. அங்கே அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்கள் வாய் பிளந்துபோவார்கள். பருத் தழும்பு ஊதிவிட்ட மாவுபோல மறையும். மணமேடை வியர்வை அப்படியே மினுமினுப்பாக மாறும். கையை ஒல்லியாக்கும்போது மற்றவர்கள் செய்த படத்தில் பின்னால் இருக்கும் கதவும் சேர்ந்து வளைந்துவிடும். ராஜ்கமல் படத்தில் கதவு கதவாகவே நிற்கும், கை மட்டும் பாதியாகும். என்ன கை அவருடையது! உழவர்கரை வட்டாரத்தில் கல்யாண வயசுப் பெண் இருக்கிற வீட்டுக்கெல்லாம் அந்தக் கையின் மகிமை தெரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. படத்தைத் திருத்தி முடித்ததும் முதலில் எடுத்ததை அழித்துவிடுவார். கேட்டால், "வூடு கட்டி முடிச்சப்புறம் சாரத்த யாராச்சும் வச்சிக்கிட்டு இருப்பாங்களா?" என்பார்.

போன மாதம் கவிநிலாவை அவள் அம்மா கூட்டிவந்தாள். தனியார் மருத்துவமனை ஒன்றில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிற பெண். மாநிறத்துக்கும் மேலே நல்ல கருப்பு, பூசினாற்போல உடம்பு, கன்னத்தில் அம்மைத் தழும்பு. பாரீஸிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, படம் அனுப்ப வேண்டும். "தம்பி, கொஞ்சம் பளிச்சுனு பண்ணி வுட்டுடு," என்றாள் அம்மா. மனிதர் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து செதுக்கிவிட்டார். பார்த்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. படம் பாரீஸுக்குப் போனது. அதைப் பார்த்துப் பையன் வீட்டாரும் லீவு போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே பெண் வீட்டுக்கு வந்தார்கள். கவிநிலா தட்டில் காபி கொண்டுவந்து நீட்டினாள். பையனின் அம்மா ஜெனவியேவ் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு, "மெர்சிம்மா," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். பிறகு கவிநிலாவின் அம்மா பக்கம் திரும்பி, "சரி, பொண்ணக் கூட்டியாங்களேன், பாக்கலாம்," என்றாள்.

பொல்லாத மனசோடு கேட்டதல்ல. நிஜமாகவே பெண்ணைத் தேடினாள். பெண் தட்டோடு அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இதைக் கவிநிலாதான் ஸ்டூடியோவுக்கு வந்து ராஜ்கமலிடம் சொன்னாள். அவர் வசைக்குத் தயாராகி எழுந்தே நின்றுவிட்டார்.

"சண்ட போட வரலண்ணா, உக்காருங்க. அவங்க போயிட்டாங்க, அத வுடுங்க. அந்தப் படத்துல இருக்கறவ போவ மாட்டேங்கறா. நான் எதிர்ல இருக்கறப்பவே அம்மா போன்ல அவளத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. நானும் அவள மாதிரி ஆயிடலாம்னு ராத்திரி சாப்பாட்ட நிறுத்திட்டேன். நேத்து டூட்டில ஊசி புடிச்ச கை நடுங்குச்சுண்ணா. அடுத்தவங்க கையில குத்தற வேல எனக்கு."

ராஜ்கமல் மெல்ல உட்கார்ந்தார்.

"என் படம் ஒண்ணு பெருசா வேணும். எதையும் தொடக்கூடாது. சாப்பிடற எடத்துல மாட்டப்போறேன். அம்மா அதப் பாத்துக்கிட்டே எனக்குச் சோறு போடட்டும். அப்பதான் எறங்கும்."

அவர் அவசரமாகக் கம்ப்யூட்டரில் தேடினார். சாரத்தைப் பிரித்துப்போட்ட மனிதருக்கு அங்கே என்ன கிடைக்கும்? "பழசு இல்லம்மா. அழிச்சிட்டேன்." குரல் இறங்கிவிட்டது.

"அழிச்சா இன்னா? நான் வந்திருக்கேன்ல, எடுங்க," என்று ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.

எடுத்தார். படத்தைத் திரையில் திறந்து, வழக்கப்படி பெரிதாக்கினார். அம்மைத் தழும்பு, கழுத்து மடிப்பு, மேலுதட்டுப் பூனைமயிர் என்று போன மாதம் தன் கையால் துடைத்து எறிந்தவை அத்தனையும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. படத்தைச் சிறிதாக்கினார். முழு முகமும் வந்தது. ராஜ்கமல் பிரமித்துப் போய்விட்டார். இத்தனை வருஷமாக அவருக்குக் கண்ணடி ஒரு வேலை, தாடை ஒரு வேலை, மூக்கு ஒரு வேலை. ஒரு முழு முகம் இப்படி நேராகத் தன்னைத் திரும்பிப் பார்க்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"அடேங்கப்பா," என்றார். "இது இன்னாம்மா, ஆளே எதிர்ல குந்தியிருக்கற மாதிரி இருக்குது!"

"எதிர்லதாண்ணா குந்தியிருக்கேன்," என்று சிரித்தாள் கவிநிலா.

ஆனால் கை கேட்க வேண்டுமே. திரையில் மவுஸின் அம்பு மெல்ல நகர்ந்து கன்னத்துத் தழும்பை நோக்கிப் போயிற்று. "அண்ணா," என்றாள் அவள். திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அம்பு மறுபடியும் புறப்பட்டது, இந்த முறை கழுத்து மடிப்பைப் பார்த்து. கவிநிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜ்கமல் வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்தார். அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு, பழக்கமில்லாத இடது கையால் தடுமாறித் தடுமாறிப் பிரிண்ட் கொடுத்தார்.