கேமராவுக்கு முன் நீள அங்கி

ரஸ்மிய்யா என் எதிர்வீட்டுக்காரி. இர்பித் நகரப் பள்ளியில் பூகோளம் சொல்லித்தந்து ஓய்வு பெற்றவள்; கணவர் இறந்தபின் தனியாக வாழ்கிறாள். போன குளிர்காலத்தில் இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்தாள். லேசான மறதிதான் என்ற மருத்துவர், கைபேசியில் ஓர் உடற்பயிற்சிச் செயலியை ஏற்றிக்கொடுத்தார். திரையில் ஓர் இளைஞன் காலைத் தூக்கி வைத்து நடக்கச் சொல்வான். நடந்துகொண்டே ஊர்ப் பெயர்களைச் சொல்ல வேண்டும். கேமரா பார்த்து மதிப்பெண் போடும். அது தலைநகர் அம்மானில் இருக்கும் மகன் முஹன்னதுக்கும் போகும்.

மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்தது. முஹன்னத் நேரில் வந்தான்.

"உம்மா, இனி உங்களைத் தனியா விட முடியாது. மாசக் கடைசியில எங்ககூட வந்துடுங்க."

அவன் போனதும் ரஸ்மிய்யா என்னிடம் வந்தாள். "ஹயாத், நான் காலைத் தூக்குறேன். அந்த ஃபோன் கால் அசையலைங்குது. தூக்கினதா நான்தான் நினைச்சுக்கிறேனோ?"

மறுநாள் கூடவே இருந்து பார்த்தேன். கைபேசியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தரையைத் தொடும் வெளியங்கியை மாட்டினாள். முக்காட்டுக்கு ஊசி குத்தினாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"எங்கயும் இல்ல. அந்தப் பையன் பாக்குறான்ல."

அங்கிக்குள் கால் உயர்ந்தது. கேமராவுக்குத் தெரிந்தது துணி மட்டுமே. அந்நிய ஆண் முன் இந்த ஊர்ப் பெண் எப்படி நிற்பாள் என்று செயலியைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை. எண் பொய் சொல்லாது என்பது படித்த மகனின் நம்பிக்கை. எண்ணையே தாயத்தாக நம்புகிற அவனுக்கு, தாயத்துக் கட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை? அவளுடைய சொல்லை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"அவன் வெறும் படம்டி. உன்னைப் பாக்கல."

"கேமரா பாக்குதே."

மருத்துவமனைக்குப் பேசினேன்; படம் எங்கும் போகாது, மதிப்பெண் மட்டுமே போகும் என்றார்கள். அதை அவளிடம் சொன்னேன். பிறகு முஹன்னதைக் கூப்பிட்டு அங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"தப்புதான், சின்னம்மா. இன்னும் ஒரு வாரம் பாப்போம்," என்றான். "அங்கி இல்லாமலும் மார்க் இறங்கினா, கூட்டிட்டு வந்துடுவேன்."

மறுநாள் காலையில் ரஸ்மிய்யா கால்சட்டையோடு நின்றாள்.

"உன் புருஷன் மாதிரி இருக்கேனா?"

"அந்த மனுஷனுக்கு ஏது இவ்வளவு அழகு?"

சிரித்தாள்; சிரிப்பு நிலைக்கவில்லை. "இப்ப காலு தெரியும். இப்பவும் அசையலைன்னு சொன்னா?"

நான் செயலியைத் தொட்டேன். திரை விழித்தது.

"அஜ்லூன்," என்றாள். கால் உயர்ந்தது. "ஜெராஷ்." மறுகால். மூன்றாவது ஊருக்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. கால்கள் நிற்கவில்லை.